கறைக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தை

என் அக்கா ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அறைகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைப் பிரித்து, எது வெறும் அழுக்கு, எது கறை என்று பார்த்து, கறைக்குத் தகுந்த மருந்தைத் தடவி இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். டீயா, ரத்தமா, மூத்திரமா என்று மூட்டையைப் பிரிக்கும்போதே சொல்லிவிடுவாள். மூத்திரக் கறை என்றால் மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். அவள் முகம் சுளிக்க மாட்டாள். "தூக்கத்துல தெரியாமப் போறதுதானே, பாவம்" என்பாள். தெரிந்தே செய்கிறவர்களைத்தான் அவளால் மன்னிக்க முடியாது. அந்த வரிசையில் முதல் ஆள் எங்கள் அண்ணன்.

அண்ணனை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. எனக்குக் கை வரவில்லை. 'அவன்' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அம்மா படுத்த படுக்கையானபோது அவளைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, வாயில் ஊட்டியதெல்லாம் அக்காவும் நானும்தான். அண்ணன் ஒன்றும் கடல் தாண்டிப் போய்விடவில்லை. காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் வந்துவிடலாம். அம்மா அவனிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. "ஒரு தடவை வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போடா" என்பாள் போனில். அவனுடைய பதில் எப்போதும் ஒன்றுதான்.

"பாத்துக்கலாம்மா."

எதைக் கேட்டாலும் அவனுக்கு அதுதான். குழாய் உடைந்தது என்றால் பாத்துக்கலாம். மாத்திரை தீர்ந்தது என்றால் பாத்துக்கலாம். பிறந்தபோது அழுவதற்குப் பதில் அதைத்தான் சொல்லியிருப்பான் என்று அக்கா சொல்வாள். ஆனால் அம்மாவுக்குக் காதும் மந்தம், மகன் என்றால் புத்தியும் மந்தம். அந்த வார்த்தையை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள். "ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கலாம்னு சொல்றான்டி. எப்பன்னுதான் சொல்லல" என்று சொல்லி, தலையை வாரிவிடச் சொல்வாள். லீவு நாளில் வருவான் என்று, சனிக்கிழமையானால் துவைத்த சேலையைக் கேட்டு வாங்கிக் கட்டிவிடச் சொல்வாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல எங்கள் இருவருக்கும் மனசு வரவில்லை.

அவள் போன அன்று காலையில் பக்கத்தில் இருந்தது அக்கா மட்டும். கடைசியாக அம்மா என்ன சொன்னாள் என்று என்னிடம்கூட அக்கா சொன்னதில்லை.

எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தான் அண்ணன். வாசலில் நின்று அழுதுகொண்டிருந்த அக்காவின் தோளைத் தட்டி, "விடு, பாத்துக்கலாம்" என்றான். அக்காவின் அழுகை அந்த நொடியே நின்றது. அதற்குப் பிறகு அவள் அழுது நான் பார்க்கவில்லை. "இதே வீட்டுல, அதே வாயால இன்னொரு தடவ அத சொல்லணும் அவன். சொல்லி அசிங்கப்படணும்" என்று மட்டும் சொன்னாள். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். எங்கள் அக்கா இரண்டுக்கும் நடுவில்.

சலவைக்கூடத்தில் கொதிகலனுக்குப் பின்னால் ஒரு தெருநாய் குட்டி போட்டிருந்தது. குட்டிகளைத் தூக்கி வெளியே போடச் சொன்னான் மேற்பார்வையாளன். ஆளுக்கு ஒன்றாக எடுத்துப் போனார்கள். அக்கா ஒன்றைத் தலையணை உறையில் போட்டுக் கொண்டுவந்தாள். வெள்ளை உடம்பில் முதுகில் மட்டும் பழுப்பாக ஒரு திட்டு. கறை என்று பெயர் வைத்தாள். பேருக்கு ஏற்ற மாதிரி வந்த அன்றே கட்டிலுக்கு அடியில், கதவோரத்தில், என் செருப்பில் என்று வீட்டை நனைத்துவிட்டது.

"மூக்கப் புடிச்சு அதுலயே ஒரு தேய் தேய்ச்சாத்தான் புத்தி வரும்" என்றேன் நான்.

"அதுக்கு என்னடி தெரியும்? தெரிஞ்சு செய்யறவங்க மூக்கத்தான் தேய்க்கணும்."

நனைந்த இடத்தையெல்லாம் வினிகர் போட்டுத் துடைத்தாள். வாடை மிச்சமிருந்தால் மறுபடியும் அங்கேதான் போகுமாம். பால்கனி மூலையில் ஒரு தட்டை வைத்து, கிழிந்த ஓட்டல் விரிப்பை மடித்துப் போட்டாள். குட்டி தூங்கி எழுந்தால், பால் குடித்தால், விளையாடி முடித்தால், உடனே தூக்கிக்கொண்டு அங்கே ஓடுவாள். அது சுற்றிச் சுற்றி மோந்துபார்த்துக் குந்தும். குந்தும் நேரத்தில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எப்போதும் அதே வார்த்தை. முடித்ததும் தாமதிக்காமல் "நல்ல பிள்ளை" என்று தடவிக்கொடுக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் எதற்குப் பாராட்டு என்று அதற்குப் புரியாதாம்.

"ஒண்ணுக்குன்னு சொல்லிப் பழக்கு, லேசா இருக்கும்" என்றேன்.

மறுநாள் பால்கனியிலிருந்து அவள் குரல் கொஞ்சிக் கொஞ்சிக் கேட்டது. "பாத்துக்கலாம்... பாத்துக்கலாம்... நல்ல பிள்ளை!"

அடுப்படியில் நின்றிருந்த எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அதன்பின் அந்த வார்த்தை எங்கள் வீட்டில் யாரும் தொடக்கூடாத வார்த்தையாயிற்று. தெரியாமல் தொட்டது குழாய் ரிப்பேர்க்காரர்தான். சொட்டுகிற குழாயைக் குனிந்து பார்த்துவிட்டு, "வாஷர்தான் போயிருக்கு. நாளைக்குப் பாத்துக்கலாம்மா" என்றார். கறை சமையலறையிலிருந்து ஓடிவந்து, அவருடைய கருவிப் பை மேல் ஏறி, மிகுந்த கடமையுணர்ச்சியோடு குந்தியது. மனுஷன் பதறிப்போனார். அக்கா பையைக் கழுவிக்கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் போட்டுக்கொடுத்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்து நாளாகியிருந்தது.

அன்று சாயங்காலமே அண்ணனுக்குப் போன் போட்டாள். "அம்மா சாமானெல்லாம் அப்படியே கெடக்கு. வந்து ஒரு எட்டுப் பாத்துட்டுப் போங்கண்ணா." வழக்கம்போல மழுப்புவான் என்றுதான் நான் நினைத்தேன். "ஞாயிற்றுக்கிழமை வரேன்" என்றான்.

சொன்னபடியே வந்தான். சாம்பல் நிறத்தில், இஸ்திரி மடிப்புக் கலையாத கால்சட்டை. அக்கா கறைக்கு ஒரு கிண்ணம் பால் கூடுதலாகவே ஊற்றியிருந்தாள். அண்ணன் அம்மாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தான். குட்டி போய் அவன் காலை மோந்தது, அவனும் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி அக்கா என்னைப் பார்த்தாள்.

"அந்த ஜன்னல் சரியாவே மூட மாட்டேங்குதுண்ணா" என்று தூண்டிலைப் போட்டாள்.

அவன் குட்டியைக் கீழே விட்டு எழுந்து போய், ஜன்னலை ஒரு தள்ளுத் தள்ளி மூடிவிட்டு வந்து உட்கார்ந்தான். குட்டி மறுபடி மடியேறியது.

"குழாய் இன்னும் சொட்டுது."

"நாளைக்கே ஆள் அனுப்பறேன்."

"அம்மா பீரோவ என்ன பண்றதுன்னே தெரியல."

"நான் எடுத்துட்டுப் போறேன். வண்டி சொல்லிட்டேன்."

அக்கா பல்லைக் கடித்தாள். பாவி, பிறந்ததிலிருந்து சொன்ன வார்த்தையை இன்றைக்குப் பார்த்து விழுங்கிவிட்டான். எனக்கே ஆத்திரமாக வந்தது. இப்போது இவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கத் தெரிகிறவனுக்கு, அம்மா இருந்தபோது கால் வலித்ததா?

அவன் குட்டியின் காதைத் தடவிக்கொண்டே தலையைக் குனிந்திருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அம்மா கடைசியா... என்னப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் மடியில் இருந்த குட்டியைப் பார்த்தாள்.

"கேட்டாங்க" என்றாள். "கதவப் பாத்துக்கிட்டே கேட்டாங்க. எப்படா பாத்துக்கலாம்னு."

கறையின் காது நிமிர்ந்தது. அவன் மடியிலேயே ஒரு சுற்றுச் சுற்றி, குந்தியது.

சாம்பல் துணியில் ஈரம் இருட்டாகப் பரவி முழங்கால் வரை இறங்கியது. அண்ணன் குட்டியைத் தள்ளவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. அம்மாவின் தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தான். குட்டி முடித்துவிட்டு, எங்கே என் பங்கு என்பது போல அக்காவை அண்ணாந்து பார்த்தது.

பழக்க தோஷம், அக்கா தாமதிக்கவில்லை.

"நல்ல பிள்ளை" என்றாள்.

குட்டி வாலை ஆட்டியது. அண்ணன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

கொஞ்ச நேரம் கழித்து ஈரக் கால்சட்டையோடு எழுந்து, பீரோவைப் பற்றி எதுவும் பேசாமல், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நிறைந்திருந்த தெருவில் இறங்கி நடந்தான். ஊரில் உள்ளவர்களின் கறையையெல்லாம் துவைக்கிற என் அக்கா, "கழட்டுங்கண்ணா, அலசித் தரேன்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.