பம்பரத்தின் வெற்றுப் பட்டியல்

அவளுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தது நான்தான் என்கிறார்கள். இருக்கலாம். மாடிப்படிக்குக் கீழே, ஒரு ஆள் நிற்கிற அகலத்தில் மொபைல் கடை நடத்துகிற எனக்கு இதைவிட வேறென்ன பொழுதுபோக்கு? பெயர் பொருத்தமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். முக்காலி போட்டிருக்கிறேன், உட்கார மாட்டாள். போன் கவரைத் தொடுவாள், சார்ஜரை எடுத்துத் திரும்ப வைப்பாள், "வரேன்க்கா" என்று தெருமுனை வரை போய்விட்டு மறுபடி வந்து நிற்பாள். "கால்ல வெந்நீர் ஊத்தின மாதிரி ஏண்டி பறக்கற?" என்று கேட்டால் சிரிப்பாள். சிரிப்பும் பாதியில் நின்றுவிடும்.

கல்யாணத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். ஊசி இறங்குவதே தெரியாமல் ரத்தம் எடுப்பாளாம். பையன் பிறந்ததும் வேலையை விட்டாள். இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான், இவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

புருஷன் சரக்கைப் பெட்டியில் கட்டி அனுப்புகிற கம்பெனியில் சூப்பர்வைசர். வீட்டிலும் அதே உத்தியோகம்தான். அடி கிடையாது, குடி கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வீட்டு வைஃபையில் ஒரு காவலைப் போட்டு வைத்திருந்தார். யார் போனில் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் அதன் பெயர் அவருடைய போனில் பட்டியலாக விழும். வேண்டாததைப் பூட்டவும் செய்யலாம். பையனுக்காக என்றுதான் ஆரம்பித்தது. பென்சில் பிடிக்கவே இப்போதுதான் பழகுகிற பயல் அதில் எதைத் திறந்து கெட்டுப் போகப் போகிறானோ!

ஒரு பெரிய ஆஸ்பத்திரி பரிசோதனைக் கூடத்துக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. முதலில் இணையத்திலேயே ஒரு தேர்வு எழுத வேண்டும். புருஷனிடம் சொன்னாள். "வீட்டுல என்ன குறை உனக்கு?" என்றார் அவர். மறுநாள் அந்தத் தளம் வீட்டில் திறக்கவில்லை. அவள் போனில் தனியாக டேட்டாவும் கிடையாது, வீட்டில்தான் வைஃபை இருக்கிறதே என்பது அவர் வாதம். தேர்வுக்கு ஒரு மணி நேரம் ஆகும், என் கடைச் சந்தடியில் எழுத முடியுமா?

"திறக்க ஏதாவது வழி சொல்லுக்கா" என்று வந்து நின்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனைப் பிடுங்கி செட்டிங்ஸுக்குள் போனேன். "உன் போனுக்கு எந்தத் தளம் எங்க இருக்குன்னு தெரியாதுடி. ஒவ்வொரு தடவையும் யாரையாவது கேட்டுத்தான் போகும். அதுக்குப் பேருதான் டிஎன்எஸ். இப்ப உன் வீட்டுக்காரர் வச்ச ஆளைக் கேக்குது. அவன் 'அப்படி ஒரு இடமே இல்ல'ங்கறான். வெளியில இதையே இலவசமாச் சொல்றவங்க இருக்காங்க. இனிமே அவங்களைக் கேக்கட்டும்."

"இலவசமாவா? அப்ப நான் எங்க போறேன்னு அவங்க பார்ப்பாங்களா?"

"பார்க்கலாம். வச்சுக்க மாட்டோம்னு சொல்றாங்க, நான் போயா பார்த்தேன்? ஆனா ஒண்ணு, அவங்க உன் எதிர்ல உட்கார்ந்து சாப்பிட மாட்டாங்க."

இந்த முறை சிரிப்பு பாதியில் நிற்கவில்லை. அன்றைக்கே வீட்டில் தேர்வை எழுதினாள். தேறியும் விட்டாள், நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

நேர்முகத்துக்கு முந்தின நாள் காலை, நான் ஒரு போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தபோது மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"அக்கா, நேத்து சாப்பிடும்போது போனைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. என் பேருக்கு நேரா ஒண்ணுமே விழலையாம். அப்புறம் பையன்கிட்ட முணுமுணுத்திருக்காரு, அவன்தான் சொன்னான்."

அட கடவுளே! பூட்டைத் திறக்கத் தெரிந்த எனக்கு, ஒரு பெண் போனையே தொடாத மாதிரி பட்டியல் வெறுமையாகக் கிடந்தால் அதுவே காட்டிக் கொடுக்கும் என்று தோன்றவில்லை. என் புத்தியை என்ன சொல்ல!

"பழையபடி மாத்திடுக்கா. வேண்டாம், மாத்தாத. இன்னைக்கு அவர் கேட்டுட்டா நாளைக்கு என்னை அனுப்ப மாட்டாரு. மாத்திடு." கை போனை நீட்டியது, இழுத்துக்கொண்டது, மறுபடி நீட்டியது.

அதற்குள் அவரே வந்துவிட்டார். வேலைக்குப் போகும் சட்டையோடு, கையில் போன்.

"என்னங்க, இவ போன்ல என்ன பண்ணி வச்சிருக்கீங்க? உள்ளதைப் பழையபடி வைங்க" என்றார் என்னிடம். அவளிடம் திரும்பி, "என்கிட்ட மறைக்கற அளவுக்கு என்ன இருக்கு உனக்கு?" என்றார். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் பம்பரம் அவர் கையிலிருந்த போனை வாங்கினாள். வெறுமையைத் தாண்டி, போன மாதத்துப் பட்டியலுக்குப் போய் அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"படிங்க."

"என்னடி இது, கடையில வச்சு..."

"படிங்க."

படித்தார். "தூக்க டாக்டர் தளம். தூக்க டாக்டர். நெஞ்சுப் படபடப்பு ஆஸ்பத்திரி. தூக்க டாக்டர்..." விரலால் தள்ளிக்கொண்டே போனார். தளத்தின் பெயர் மட்டும்தான் அதில் விழும், உள்ளே என்ன படித்தாள் என்பது வராது. ஆனால் பெயரே போதுமானதாக இருந்தது. குரல் தேய்ந்து நின்றது.

"தினமும் நீங்க பார்ப்பீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "பார்த்துட்டு, 'ஏம்மா, தூக்கம் வரலையா'ன்னு ஒரு நாள் கேட்பீங்கன்னுதான் திரும்பத் திரும்பத் திறந்தேன். பட்டியல் காலியானதும் ரெண்டு மூணு நாள்லயே கண்டுபிடிச்சிட்டீங்க. நிறைஞ்சு கிடந்தப்ப?"

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நீ வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே" என்றார், பாதிக் குரலில்.

கோபத்தில் எனக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன், அது என் முறை இல்லை.

அவள் அவர் போனை அவர் கையிலேயே வைத்தாள். தன் போனை என்னிடம் நீட்டவில்லை, பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"சரி, சொல்றேன். நாளைக்குக் காலையில எனக்கு இன்டர்வியூ. நான் போறேன். இது உங்க பட்டியல்ல வராது, அதான் வாய்விட்டுச் சொல்றேன்."