சொந்தப் பேஷண்ட்

பிளாஸ்டிக் சர்ஜரி என்பது தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் ஹால் டிக்கெட்டைத் தேடவைக்கிற தொழில். எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷம், பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ். மூன்று வருஷம், அதன் மேல் எம்.சிஹெச். இன்னொரு மூன்று. நடுவில் நுழைவுத் தேர்வுகளுக்காகக் காத்திருந்த வருஷங்களை யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. முப்பத்தைந்து வயதில் 'நாளைக்குப் பரீட்சை' என்று கல்யாணப் பந்தியில் பாதியில் எழுந்து ஓடியவர்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

நான் விருதுநகர்க்காரி. எம்.சிஹெச். படிக்க ஹைதராபாத் வந்தேன். மதுரையில் என்னோடு படித்த ஷீலா இங்கிலாந்திலும் ஜோசப் அமெரிக்காவிலும் இதே துறையில் மாட்டிக்கொண்டார்கள். மூவருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் யார் முதலில் படித்து முடிப்பது என்று ஒரு போட்டியும் உண்டு. அவர்களை விட எனக்குத்தான் அவசரம். ஊரின் கிழக்கே உப்பலில் ஒரு மருத்துவமனை கைக்காயங்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியிருந்தது. பட்டத்தோடு வந்தால் வேலை, பரீட்சையில் தவறினால் அந்த நாற்காலி வேறொருவருக்கு என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

கோழித் தொடை

தலைமுடியை விட மெல்லிய நூலால், மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அறுந்த ரத்தக் குழாயைத் தைத்து இணைப்பது எங்கள் துறையின் முக்கியமான வித்தை. ஷீலா முதலில் ரப்பர் குழாயில் பழகினாள்; அதற்கு ஒரு வகுப்பு, வகுப்புக்கு ஒரு சான்றிதழ். ஜோசப்பின் மருத்துவமனையில் இதற்கென்றே ஒரு பரிசோதனைக்கூடம் இருந்தது. கார்டைத் தேய்த்தால் கதவு திறக்கும். எனக்குத் திறந்திருந்தது உப்பல் சிக்கன் கடை. கோழித் தொடைக்குள் ஓடும் ரத்தக் குழாய், மனித விரலில் ஓடுவதற்கு ஏறக்குறைய சமம்.

வாரம் இரண்டு முறை போய், தோலை உரிக்காமல், கத்தி படாமல், முழுத் தொடையாக வாங்கி வருவேன். கடைக்காரர் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். இந்த அம்மா வீட்டில் இதை எப்படித்தான் சமைக்கிறாள், கீறாத தொடையில் மசாலா எப்படி இறங்கும் என்கிற கவலை அவருக்கு. ஒருநாள் ஹைதராபாத் இந்தியில் கேட்டே விட்டார் ('நக்கோ' என்றால் வேண்டாம், 'கைக்கு' என்றால் ஏன்): "கட் நக்கோ, ஸ்கின் நக்கோ நிகாலோ போல்தே. கைக்கு மேடம்? மசாலா அந்தர் கைசா ஜாத்தா?"

ஆயம்மா போட்ட மார்க்

இங்கிலாந்தில் எல்லாவற்றுக்கும் படிவம். ஷீலா ஒரு மருவை எடுத்தால்கூட, அதை அவள் செய்தாளா, உதவி செய்தாளா, பெரிய டாக்டர் பக்கத்தில் நின்றாரா, அடுத்த அறையில் டீ குடித்தாரா என்று பதிவு செய்ய வேண்டும். அது போதாதென்று கூட வேலை செய்யும் டாக்டர்கள், நர்ஸ்கள், வார்டு கிளார்க் வரை அவளைப் பற்றிப் பெயர் போடாமல் கருத்து எழுதுவார்கள். ஒரு வருஷம் அவளுக்கு வந்த குறை, போனில் ரொம்ப வேகமாகப் பேசுகிறாள் என்பது.

எனக்கும் லாக் புக் உண்டு. ஆறு மாதப் பக்கங்களை எங்கள் துறைத் தலைவர் ஒரே மூச்சில், போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டு முடித்தார். அதே சார் ஆபரேஷன் டேபிளில் நான் போட்ட ஒவ்வொரு தையலையும் பார்த்து, பிடிக்காததை வெட்டி மறுபடி போட வைத்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம். இருந்தாலும் ஷீலாவின் படிவத்தின் மேல் எனக்கு ஓர் ஆசை. கட்டுப் போடும் அறையில் பல வருஷமாக இருக்கும் ஆயம்மாவிடம் போய், பத்துக்கு எனக்கு எத்தனை மார்க் என்று கேட்டேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். தெலுங்கில் அவர் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "கை சுத்தம், அதுக்கு எட்டு. பஞ்சைக் கீழே போடுறீங்களே, அதுக்கு மூணு கழிச்சுக்கிறேன்."

மூன்றாவது ஷூ

செல்வராஜ் நாச்சாரத்தில் ஒரு பட்டறையில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறவர். அப்பா காலத்திலேயே ஆற்காட்டிலிருந்து வந்துவிட்ட குடும்பம். அவர் பேசும் தமிழில் பாதி ஹைதராபாத்; ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்பார். வலது கட்டைவிரலை மிஷின் நசுக்கிவிட்டது, ஒட்டவைக்க எதுவும் மிஞ்சவில்லை. காயம் ஆறிய பிறகு, கால் விரல் ஒன்றை எடுத்து அந்த இடத்தில் வைத்தோம். செய்தது சார்தான். ரத்தக் குழாயை இணைக்கும் கட்டம் வந்ததும் அவர் எழுந்து, என்னை மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்காரச் சொன்னார். எட்டுத் தையல் போட்டேன். குழாயை அடைத்திருந்த கிளிப்பை எடுத்ததும் வெளுத்துக் கிடந்த விரல் மெல்லச் சிவந்தது. மாஸ்க்குக்குள் நான் அழுதது யாருக்கும் தெரியாது, இப்போது உங்களுக்குத் தெரியும்.

இனிமேல் ஸ்பேனர் பிடிக்க முடியுமா, வேலை நிலைக்குமா என்பதுதான் செல்வராஜின் ஒரே பயம். மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகு பிடித்துக் காட்டினார். அன்றைக்குத் தன் புது விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஹவ் மேடம், எல்லாம் ஓகே. இனிமே ஷூ வாங்கப் போனா மூணா வாங்கணும்?"

ஜோசப்பின் பரீட்சை

அமெரிக்காவில் பயிற்சி முடிந்து எழுத்துத் தேர்வும் தேறினால் போதாது. தனியாகத் தொழில் செய்யவிட்டு, முதல் சில மாதங்களில் செய்த ஆபரேஷன்களின் பட்டியலைக் கேட்பார்கள். அதில் சிலவற்றை அவர்களே பொறுக்கி எடுப்பார்கள். அவற்றின் போட்டோக்களையும் குறிப்புகளையும் எடுத்துக்கொண்டு போய், ஏன் இப்படிச் செய்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். சரியாக ஆறாத ஒரு காயத்தைப் பற்றி ஜோசப்பைக் குடைந்து எடுத்துவிட்டார்களாம்.

எங்கள் பரீட்சை வேறு மாதிரி. நிஜமான நோயாளிகள் வரிசையாகக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார்கள். பழைய நோயாளிகளுக்குப் போன் செய்து வரச் சொல்வோம். அவர்களும் கல்யாணத்துக்கு வருவது போலச் சட்டை மாற்றிக்கொண்டு வருவார்கள். கொடுத்த நேரத்துக்குள் சோதித்து, என்ன கோளாறு, என்ன செய்யலாம் என்று தேர்வாளரிடம் சொல்ல வேண்டும். நாம் சிகிச்சை செய்தவர் மட்டும் நமக்கு வரக்கூடாது. இதைக் குழுவில் எழுதியதும் ஜோசப் பதில் போட்டான்: "எனக்கு சொந்தப் பேஷண்ட் இல்லாட்டி பரீட்சையே கிடையாது. உனக்கு சொந்தப் பேஷண்ட் வந்துட்டா பரீட்சையே கிடையாது."

எட்டுத் தையல்

பரீட்சையன்று திரையை விலக்கினேன். கட்டிலில் செல்வராஜ். போன் செய்த ஜூனியர், யாருக்கு யார் ஆபரேஷன் செய்தது என்று பார்க்கவில்லை. செல்வராஜுக்கோ இது இரண்டாவது பரீட்சை. போன வருஷம் என் சீனியருக்கு உட்கார்ந்து அனுபவப்பட்டவர். என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "மேடம், நான் உங்களப் பாத்ததே இல்ல. டென்ஷன் நக்கோ" என்றார்.

அப்போதே வெளியே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உப்பல் நாற்காலிதான் கண்ணில் நின்றது. நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. நான் கேட்பதற்கு முன்பே செல்வராஜ் ஒவ்வொரு விரலாக மடக்கிக் காட்டினார், அடுத்த சோதனைக்குக் கையைத் தானே திருப்பி வைத்தார். வேறு மாநிலத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர், இந்த டாக்டரைத் தெரியுமா என்று அவரிடம் இந்தியில் கேட்டார். இன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்ப்பதாகச் செல்வராஜ் கண் இமைக்காமல் சொன்னார்.

நான் ஆரம்பித்தேன். தடங்கலே இல்லை. எந்த விரல், எந்த நரம்பு, எந்த ரத்தக் குழாய் என்று சொல்லிக்கொண்டே போனவள், குழாயை எட்டுத் தையலில் இணைத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். ஆறிப்போன கையை வெளியிலிருந்து பார்த்து, உள்ளே எத்தனை தையல் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டார். வழக்கமாக அவ்வளவுதான் போடுவார்கள் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். செல்வராஜ் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வாய் வரவில்லை. "சார், போட்டது நான்தான்" என்றேன்.

அதே நேரம் அடுத்த கட்டிலிலிருந்து வந்து நின்ற எங்கள் துறைத் தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். தேர்வாளர் எனக்கு வேறு நோயாளியைக் கொடுக்கச் சொன்னார்: அண்ணப் பிளவோடு ஒரு குழந்தை, நான் பயந்து ஒதுங்கும் பாடம், மீதி இருந்ததோ பாதி நேரம். போவதற்கு முன் அவர் தன் பேனாவைச் செல்வராஜின் அந்தக் கட்டைவிரல் இடுக்கில் வைத்து, பிடிக்கச் சொல்லிவிட்டு இழுத்துப் பார்த்தார். பேனா வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "தையல் நல்லா இருக்கு. ஆனா அதுக்கு இங்கே மார்க் இல்லை."

தப்பான ஊர்

குழந்தை நன்றாக அழுதது, நான் அழாமல் பதில் சொன்னேன். சாயங்காலம் சார் வெளியே வந்து, தேறிவிட்டாய், விளிம்பில் தொங்கிக்கொண்டு தேறியிருக்கிறாய் என்றார். அது போதும், உப்பலில் விளிம்பை யாரும் கேட்கப் போவதில்லை.

வாசலில் செல்வராஜ் பிரியாணிப் பொட்டலத்தோடு நின்றிருந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. அவ்வளவு பெரிய மனுஷன் முன்னால் எனக்காகப் பொய் சொன்னவரை நானே காட்டிக்கொடுத்துவிட்டேனாம். மன்னிப்புக் கேட்டேன். சமாதானத்துக்கு ஜோசப் கதையைச் சொன்னேன்: அமெரிக்காவில் சொந்தப் பேஷண்டைப் பற்றித்தான் கேட்பார்கள், அங்கே யாரும் ஒளிக்க வேண்டியதில்லை என்று. பொட்டலத்தை அந்தக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து என்னிடம் நீட்டினார். "அப்ப தப்பான ஊர்ல எழுதிட்டீங்க மேடம். அடுத்த தபா அமெரிக்காவுல வைங்க, நான் வரேன்."

மூன்று நாட்டுப் படிப்பையும் கண்டும் கேட்டும் விட்டவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: எந்த ஊரில் பட்டம் வாங்கினாலும், நம்மை நம்பிக் கையை நீட்ட ஒரு செல்வராஜ் கிடைத்திராவிட்டால் நாமெல்லாரும் கோழித் தொடையோடு நின்றிருப்போம்.