ஏழு நொடிக்கு ஒரு டிக்

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருக்குப் பெயர் 'கடிகாரம்'. நேரந்தவறாமல் வருவதால் கிடைத்த பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் கெட்ட பழக்கம் அவரிடம் கிடையாது. இது வேறு கடிகாரம்.

பேசுகிறவர் வாயிலிருந்து வருவது வெறும் காற்று. அதை நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் எண்களாக்கித் தள்ளுகிற பெட்டிக்குக் கன்வெர்ட்டர் என்று பெயர். அந்த எண்களை வாங்கி அடுக்கி வைக்கிற பெட்டி ரெக்கார்டர். இரண்டின் வயிற்றுக்குள்ளும் தனித்தனிக் கடிகாரம். ஒன்று தலைமை தாங்கினால் மற்றது தலையாட்டிக்கொண்டு பின்னால் போக வேண்டும். இரண்டும் 'நான்தான் தலைவர்' என்று நிமிர்ந்து நின்றால் போச்சு. மயிரிழை வேக வித்தியாசத்தில் அவ்வப்போது ஒரு கைப்பிடி எண் கீழே சிந்தும். காதில் 'டிக்' என்று கேட்கும். சிந்தியதை எந்தத் துடைப்பத்தாலும் பெருக்கி அள்ள முடியாது.

இந்தப் பேருண்மையைப் பத்தொன்பது வருடமாக அவர் எல்லாருக்கும் எடுத்துரைத்தார். பாடகர்களுக்கு, மின்விசிறி மாட்ட வந்தவருக்கு, லிஃப்டில் வசமாகச் சிக்கியவர்களுக்கு. தன் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் அவர் அதை மறந்தார்.

மனைவிக்குத் தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றார் மருத்துவர். வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். மகளுக்கு நாலு வயது. பெரியவளாகும்போது அம்மாவின் குரல் எப்படியிருந்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? அன்று மதியமே மனைவியைக் கூடத்துக்கு அழைத்து வந்து மைக் முன்னால் உட்கார வைத்தார்.

"என்னங்க பேசணும்?"

"நாப்பது நிமிஷம் இருக்கு. எது வேணா பேசு. கதை சொல்லு, பாப்பாவைக் கூப்பிடு, திட்டு."

"உங்களைத் திட்டலாமா? அதுக்கு நாப்பது நிமிஷம் பத்தாதே!"

மனைவியின் குரலுக்குச் சாதாரணக் கன்வெர்ட்டர் போதுமா? பெரிய பாடகர்களுக்கு மட்டும் எடுக்கிற உயர்ந்த ரகப் பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்து வந்தார். இவ்வளவு பெரிய மனிதர் போயும் போயும் ஒரு ரெக்கார்டருக்குத் தலையாட்டுவதா என்று, அதையே தலைவராக்கினார். பல வருடமாகத் தலைவராக இருந்த ரெக்கார்டருக்குப் பதவி பறிபோன செய்தியை யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹெட்ஃபோனில் அவர் கேட்டது மைக்கிலிருந்து நேராக, எண்ணாக மாறுவதற்கு முன்பே வந்த குரல். அது பளிங்குபோல இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார். நாற்பதாவது நிமிடம் வாசலில் வண்டி ஹாரன் அடிக்க, போட்டுக் கேட்காமலே எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கிளம்பினார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர்கள் அகராதியில் நல்லபடி என்றால் அதுதான்.

திங்கட்கிழமை கூடத்துக்கு வந்து பதிவை ஓடவிட்டார். ஏழு நொடிக்கு ஒரு டிக். மொத்தம் முந்நூற்று நாற்பத்து மூன்று. அவரே உட்கார்ந்து எண்ணினார். எண்ணுவதில் அவரை அடிக்க ஆளில்லை.

பக்கத்து அறை மிக்சிங்காரர் எட்டிப் பார்த்தார். "அண்ணே, எந்த மடையன் செட் பண்ணான் இதை? அவனை நிக்க வச்சு உங்க லெக்சரைக் குடுங்க, திருந்தட்டும்."

கடிகாரம் பதிவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். மிக்சிங்காரர் அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு ஓடிக்கொண்டிருந்த குரலைக் கவனித்துக் கேட்டார், சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

ஓட்டைகளை அடைக்க மென்பொருள் இருக்கிறது. தொலைந்துபோன எண்களை அதுவாக ஊகித்து நிரப்பும். நிரப்பியது. இப்போது டிக் இல்லை. ஆனால் ஏழு நொடிக்கு ஒருமுறை மனைவியின் வாயில் வேறு யாரோ புகுந்து பேசிவிட்டுப் போனார்கள். அதை அழித்தார். பழையபடி டிக். இன்னொரு தடவை பதிவு செய்வோம் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

வீடு திரும்பிய மனைவி நோட்டில் எழுதினார்: 'போட்டுக் காட்டுங்க.'

"மிக்சிங் முடியலம்மா."

'நான் பேசினதுக்கு என்ன மிக்சிங்?'

பத்து நாள் இப்படியே ஓட்டினார். பதினொன்றாம் நாள் நோட்டில், பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தது: 'பாப்பாவுக்கு இப்பவே போடுங்க.'

ஸ்பீக்கரில் போட்டார். மகள் அம்மா மடியில் இருந்தாள். "பாப்பா, இங்க வா... டிக்... சாப்டியா... டிக்..."

"அப்பா, இது குத்துது. நிறுத்துப்பா," என்று மகள் முகத்தைச் சுளித்தாள்.

மனைவி அவரைப் பார்க்கவில்லை. குழந்தையின் தாடையைத் தன் பக்கம் திருப்பி, சமாதானமாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. கழுத்தில் போட்ட துளை வழியாகக் காற்று மட்டும் வந்தது.

சத்தம் போதவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது பத்தொன்பது வருட அனுபவமுள்ள அந்தக் கைக்குத் தெரியும். அது தானாகவே போய் ஸ்பீக்கரின் குமிழைப் பிடித்துத் திருகிக் கூட்டியது.

குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தது.