முக்காலியில் ஏறிய கினிப்பன்றி

தொண்ணூறுகளில் யாங்கோனில் புதுப்புது ஹோட்டல்கள் எழும்பின. அவற்றில் ஒன்றின் அரச அறைக்குப் பித்தளை முக்காலி வார்த்துத் தரும் வேலை என்னிடம் வந்தது. பழைய ரோமாபுரிச் சாமான்களைப் பார்த்துப் பிரெஞ்சு அரண்மனைகளுக்கு இப்படிச் செய்வார்களாம். மேனேஜர் கொடுத்த படத்தில் மூன்று கால்களின் உச்சியிலும் சிங்கம், கழுகு, பாம்பு என்று தலைகளும், நடுத்தட்டில் ஓர் இலைக் கிரீடமும் இருந்தன. அதுவரை கோவிலுக்குக் குத்துவிளக்கு வார்த்துக்கொண்டிருந்தவன் நான். இது தேறாவிட்டால் மாமனாரின் டயர் கடையில் போய் உட்கார வேண்டியதுதான்.

வார்த்து, மெருகேற்றி, தங்க ரேக்கு ஒட்டி, தின்கன்ஜூன் பேட்டையில் எங்கள் வீட்டு முற்றத்தில் காய வைத்துவிட்டு டீக்கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் மாமியார் கோப்பையும் கையுமாக நிற்கிறார். அவர் பர்மாக்காரர். அவர்கள் புத்தர் கோவிலான பகோடாவில் கிழமைக்கொரு பிராணிச் சிலை உண்டு. பிறந்த கிழமைப் பிராணியின் மேல் வயதுக்கு ஒரு கோப்பை, கூட ஒன்று என்று தண்ணீர் ஊற்றுவார்கள். மாமியாருக்குச் சனிக்கிழமை, பாம்பு. அறுபத்திரண்டு கோப்பை ஊற்றி முடித்திருந்தார். பக்கத்து வீட்டுச் செவ்வாய்க்கிழமைக்காரி சிங்கத்துக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். கழுகுக்கு ஞாயிற்றுக்கிழமைக்காரர்களைத் தேடி ஆள் போயிருந்தது.

"அத்தே, இது சாமி இல்லே. ஹோட்டல் சாமான்."

"தங்கம் ஒட்டியிருக்கியே, மாப்ளே. பயாவுக்குத்தானே, புத்தருக்குத்தானே தங்கம் ஒட்டுவாங்க?"

எனக்குக் கோபம்தான் வந்தது. பாம்பின் மூக்கில் தங்கம் உரிந்து பித்தளை பல்லிளித்தது. அந்த நேரம் பார்த்துத்தானா மேனேஜர் வர வேண்டும்?

அவர் முக்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தார். என் முகத்தில் ஈயாடவில்லை. கடைசியில், ஆசானை அழைக்கும் மரியாதையோடு பர்மிய மொழியில் கேட்டார்: "ஸயா, நான் வெள்ளிக்கிழமை பிறந்தவன். என்னுடையது எங்கே?"

வெள்ளிக்கிழமைக்கு உரியது கினிப்பன்றி. ரோமாபுரி ராஜாக்கள் அதையெல்லாம் வைத்துக்கொண்டதில்லை என்றேன்.

"அவர்களில் ஒருவர்கூட வெள்ளிக்கிழமை பிறக்கவில்லையா?"

மாமியார் அவர் பக்கம் போய் நின்றுகொண்டு தலையாட்டினார்.

உரிந்த இடங்களில் மறுபடி ரேக்கு ஒட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு மெழுகில் ஒரு கினிப்பன்றியைப் பிடித்து வார்த்தேன். படத்தில் இருந்த இலைக் கிரீடத்தை அதன் தலையில் சூட்டி, முக்காலியின் நடுத்தட்டில் உட்கார வைத்தேன். இத்தோடு என் பிழைப்பு முடிந்தது என்று நினைத்துக்கொண்டுதான் ஹோட்டலுக்குத் தூக்கிப் போனேன். மேனேஜர் பார்த்த மாத்திரத்தில் எடுத்துக்கொண்டார். இன்னும் ஆறு வேண்டும் என்றார்.

முக்காலி அல்ல, கினிப்பன்றி.