ஈரம் காட்டாத கசிவு

போன வாரம் தல்லாகுளத்தில் ஒரு கல்யாண மண்டபம். வாசலிலேயே ஒரு பெண் தட்டை நீட்டினாள். தட்டு நிறையக் கண்ணாடி டம்ளர்கள், ஒவ்வொன்றிலும் பச்சை நிறத்தில் ஏதோ பானம். மரியாதைக்கு ஒன்றை எடுத்து ஒரு வாய் வைத்தேன். இனிப்பு நாக்கின் நடுவில் போய் உட்கார்ந்தது. அம்புட்டுத்தான். ஓரமாக இருந்த செடித் தொட்டியில், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து ஊற்றிவிட்டேன். என் மனைவி மட்டும் பார்த்துவிட்டாள்.

"பிளாஸ்டிக் செடிக்கு எதுக்குங்க தண்ணி ஊத்துறீங்க?"

பச்சையாக, இனிப்பாக எதைக் குடித்தாலும் எனக்கு எலும்பு முறியும் சத்தம் கேட்கிறது என்று கல்யாண வீட்டில் நின்று சொல்ல முடியுமா? உங்களிடம் சொல்லலாம்.

நான் கார் மெக்கானிக். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்தது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் பட்டறையில், அடி வாங்கித்தான். நான் முதலில் வேலை பார்த்த பட்டறையில் மேஸ்திரி கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கத் தாமதமானால் கையில் இருப்பதை எறிவார். எந்த நம்பர் ஸ்பேனர் எவ்வளவு கனம் என்பதை நான் முதுகால் தெரிந்துகொண்டேன். பதினேழாம் நம்பர் வலிக்கும். இருபத்திநாலு என்றால் இரண்டு நாளைக்கு மல்லாந்து படுக்க முடியாது.

அந்தப் பயமோ, பிறவியிலேயே வந்ததோ, எனக்கு எதிலும் சந்தேகம். சக்கரத்து நட்டை முறுக்குவேன், திரும்ப முறுக்குவேன், வண்டி தெருமுனை திரும்பியதும் சைக்கிளில் துரத்திப் போய் நிறுத்தி இன்னொரு தரம் முறுக்குவேன். பட்டறையில் என் பெயரே 'டவுட்டு'. அவனியாபுரத்தில் சொந்தமாகத் தகரக் கொட்டகை போட்டபோது பலகையில் வேறு பெயர் எழுதினேன். யார் அந்தப் பெயரைச் சொல்லித் தேடி வந்தார்கள்? "டவுட்டு கடை எங்கிட்டு இருக்கு?" என்றுதான் வந்தார்கள்.

கதிரேசனும் அப்படித்தான் வந்தார். கோச்சடைக்காரர், நிலம் வாங்கி விற்பவர். கொச்சியிலிருந்து செகண்ட் ஹேண்டில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தார். இரண்டு பேர்தான் உட்காரலாம். எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், ரேடியேட்டர் மூக்குக்குள். அந்த வண்டி வில்லாபுரம் தாண்டும்போதே சத்தம் என் கொட்டகைக்குக் கேட்கும். அவர் ஓட்டுவதே யாரையோ அடிப்பது போல இருக்கும். கியரை மாற்ற மாட்டார், குத்துவார். கதவைச் சாத்த மாட்டார், அறைவார்.

"மாப்ள, கூலன்ட் கொறையுது. என்னன்னு பாரு."

ரேடியேட்டருக்குள் ஓடும் அந்தப் பச்சைத் தண்ணீர்தான் கூலன்ட். அது குறைந்தால் எஞ்சின் கொதிக்கும், கொதித்தால் சாகும். இந்த எஞ்சின் செத்தால் நானும் செத்தேன் என்று எனக்குத் தோன்றியது. கீழே படுத்து டார்ச் அடித்து, குழாய் குழாயாகத் தடவிப் பார்த்தேன். காற்றழுத்தம் ஏற்றிப் பார்த்தேன். எங்கும் பொட்டு ஈரம் இல்லை.

"வீட்ல நிறுத்துற எடத்துல ஈரம் இருக்காண்ணே?"

"போர்டிகோவுல நிக்கிது. தெனம் காலைல பாக்குறேன். தரை சுத்தமா காஞ்சு கெடக்கு."

"ஒரு ராத்திரி இங்க விட்டுட்டுப் போங்க. ஆற வச்சுப் பாக்குறேன்."

"எம் வண்டி வெளிய ராத் தங்காது. எந் நாய் காவல்ல நிக்கிற வண்டிடா அது."

அந்த நாயை நான் பார்த்திருக்கிறேன். சிப்பிப்பாறை, பெயர் டைசன். போர்டிகோ தூணில், காரின் மூக்கை ஒட்டிக் கட்டிப் போட்டிருப்பார். பகலில் அவிழ்த்துவிட்டால் நடுச்சுவரை ஒரே தாவாகத் தாண்டி அடுத்த வீட்டுக் கோழியைக் கழுத்தோடு கவ்விக்கொண்டு திரும்பும். அடுத்த வீடு அவருடைய அண்ணன் ராசேந்திரன் வீடு. அப்பா செத்த பிறகு சொத்தைப் பிரித்துக்கொண்டு நடுவில் சுவர் வைத்தவர்கள், அதற்குப் பின் ஒரு வார்த்தை பேசியதில்லை. அண்ணன் ஷேர் ஆட்டோ ஓட்டினார். மூன்றாவது கோழி செத்த அன்று ராசேந்திரன் தெருவில் நின்று கத்தினாராம்.

"இன்னொரு கோழி செத்துச்சுன்னா, ஒன் நாய்க்குச் சோத்துல வெசம் வச்சுருவேன்டா!"

தெருவே கேட்டது. அந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளாதவர் அந்தத் தெருவில் யாருமில்லை.

கார் மூன்று தடவை என்னிடம் வந்தது. மூன்று தடவையும் வந்தவுடன் சூட்டோடு சூடாகப் பார்த்தேன், மூன்று தடவையும் கசிவில்லை. முதல் இரண்டு தடவை குறைந்ததற்கு மட்டும் தண்ணீர் கலந்து ஊற்றினேன், மூன்றாம் தடவை பழையதை வடித்துவிட்டுத் தொட்டி முழுக்கப் புதிதாக நிரப்பினேன். பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்க வேண்டும், அது எனக்குத் தெரியும். ஆனால் விலை உயர்ந்த வண்டியாயிற்றே, நம் ஊர்த் தண்ணீர் உள்ளே உப்பேற்றிவிட்டால்? பயத்தில் தண்ணீரே கலக்காமல் மொத்தத்தையும் பச்சையாகவே ஊற்றினேன். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இங்கிலீஷில் ஏதேதோ எழுதியிருந்தது. அதை நான் படிக்கவில்லை. படிக்கத் தெரிந்திருந்தாலும் படித்திருப்பேனா என்பது வேறு.

இரண்டு நாள் கழித்து போன் செய்தார். மறுபடி குறைகிறதாம். பேச்சோடு பேச்சாக, "நாயி வேற தண்ணியடிச்சவன் மாதிரி தள்ளாடுது மாப்ள, வாந்தி எடுக்குது" என்றார். நான் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன்.

வெளியே கசிவில்லை என்றால் எஞ்சினே குடிக்கிறது என்று அர்த்தம். மேல்மூடிக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் போயிருக்கும், எஞ்சினை இறக்க வேண்டும். அதை உறுதி செய்ய, ஆறிக் கிடக்கும் வண்டியைக் காலையில் முதல் தடவை கிளப்பும்போது வெள்ளைப் புகை வருகிறதா என்று பார்க்க வேண்டும். "நான் வார வரைக்கும் சாவியத் தொடாதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, மறுநாள் விடிந்ததும் டூல்ஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு கோச்சடைக்குப் போனேன்.

போர்டிகோவில் யாரும் இல்லை. வழக்கம்போலக் காருக்கு அடியில் குனிந்தேன்.

தரை நனைந்திருந்தது.

ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பச்சையாகத் தேங்கி நின்றது. நான் பார்க்கும்போதே கார் மூக்கின் மூலையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. எல்லாம் புரிந்துபோயிற்று. ரேடியேட்டரின் அலுமினியத்துக்கும் பிளாஸ்டிக் தொட்டிக்கும் நடுவே ஒரு ரப்பர் வளையம் உண்டு. சூட்டில் அது உப்பி அடைத்துக்கொள்ளும், ஆறினால் சுருங்கி ஒழுகும். சூடாகவே பார்த்த மடையன் நான். எஞ்சினை இறக்க வேண்டாம், ஒரு ரப்பரோடு போயிற்று!

"கெடச்சிருச்சுண்ணே!" என்று சந்தோஷத்தில் கத்தினேன்.

கதிரேசன் பக்கவாட்டுச் சந்திலிருந்து வந்தார். கையெல்லாம் மண். கண் சிவந்திருந்தது.

"என்னடா கெடச்சிருச்சு? எம் புள்ளையப் பொதைச்சுட்டு வாரேன், நீ இளிச்சுக்கிட்டு நிக்கிற?"

நாய் விடியும் முன்னே செத்திருந்தது. ராத்திரியெல்லாம் எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் கிடந்ததாம்.

நான் தூணைப் பார்த்தேன். சங்கிலி வெறுமனே கிடந்தது. சங்கிலி எட்டும் தூரத்தில், தூசி படிந்த தரையில், ஒரு வட்டம் மட்டும் கழுவிவிட்டது போலப் பளிச்சென்று இருந்தது. அந்த வட்டத்தில்தான் இன்றைய ஈரம் நின்றது. பழைய பட்டறையில் வடித்து வைத்த கூலன்டைக் குடித்து ஒரு பூனை செத்ததும், "இனிப்பா இருக்கும்டா, அதான் நக்கிருது" என்று மேஸ்திரி சொன்னதும் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு ராத்திரியும் ஒழுகியிருக்கிறது. விடிவதற்குள் நாய் நக்கித் துடைத்திருக்கிறது. தரை காய்ந்திருந்ததற்குக் காரணம் நாய். நாய் சாகக் காரணம் நான் தண்ணீர் கலக்காமல் ஊற்றியது.

"சொன்ன மாதிரியே வச்சுட்டான்டா" என்றார் கதிரேசன். என்னிடம் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஷேர் ஆட்டோ கிளம்பும் சத்தம். கதிரேசன் குனிந்தார். என் பெட்டி திறந்து கிடந்தது. சக்கரம் கழற்றும் நீளமான வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

நானும் பின்னால் ஓடினேன். ஓடினேன் என்று சொல்கிறேன், கேட் வரைக்கும் போனேன்.

ராசேந்திரன் ஆட்டோவிலிருந்து பாதி இறங்கியிருந்தார். "யாருடா ஒன் நாய…" என்பதற்குள் முதல் அடி தோளில் விழுந்தது. மூட்டை விழுவது போன்ற சத்தம். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் அந்த இரும்பு அடுத்து எங்கே இறங்கும் என்று நினைத்தேன், வாய் மூடிக்கொண்டது. இரண்டாவது அடிக்கு அவர் குப்புற விழுந்தார். அவர் சம்சாரம் வாசலிலிருந்து, "கொல்றாய்ங்களே! யாராச்சும் வாங்களே!" என்று அலறிக்கொண்டு வந்தது. தண்ணீர்க் குடத்தோடு நின்ற இரண்டு பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மூன்றாவதைத் தடுக்க ராசேந்திரன் புரண்டு வலது கையைத் தூக்கினார். மணிக்கட்டில் பட்டது. பச்சை முருங்கைக் கிளையை ஒடித்தால் வரும் சத்தம், அதுதான். நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நாயின் விலை, காரின் விலை, என் கொட்டகை, என் கை. நாலாவது அடி அதே கையில்.

"கதிரு, நான் வைக்கலடா. நான் வைக்கல. அப்பா மேல சத்தியமாடா."

"அப்பா பேர எடுக்காத!"

ஐந்தாவது முட்டியில். ஆறாவதற்கு ஸ்பேனர் தலைக்கு மேலே போனது. குறி தலைதான் என்று தெரிந்தது. அப்போதுதான் என் குரல் வந்தது.

"அண்ணே, அவரில்ல! வண்டிண்ணே! நாந்தாண்ணே!"

கதிரேசன் திரும்பினார். நான் போர்டிகோவுக்கு ஓடி, அந்தப் பச்சை ஈரத்தில் விரலை நனைத்துக்கொண்டு வந்து நீட்டினேன்.

"நாக்கு நுனியில மட்டும் வச்சுத் துப்புங்கண்ணே."

ஏன் வைத்தார் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வைத்தார், துப்பினார். தூணைப் பார்த்தார். கழுவிய வட்டத்தைப் பார்த்தார். பத்து வருஷம் பேசாத அண்ணனைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு என்னை ஒரே அறை அறைந்தார். இடது காதில் இன்றைக்கும் பாதிதான் கேட்கும். என் மனைவி அந்தப் பக்கம் உட்கார்ந்து சண்டை போட்டால் எனக்கு நிம்மதி.

"கழட்டு" என்றார். "அத எங் கண்ணு முன்னால கழட்டு."

அண்ணனை அவருடைய ஆட்டோவிலேயே, வேறொருவர் ஓட்ட, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆட்டோ கவிழ்ந்து அடிபட்டதாக எழுதிக்கொள்ளச் சொன்னாராம் ராசேந்திரன். நான் இங்கே வாயில் ரத்தத்தோடு பம்பரைக் கழற்றி ரேடியேட்டரை இறக்கினேன். கதிரேசன் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கொட்டகைக்குக் கொண்டுவந்து புது ரப்பர் வளையம் வைத்து, மடிப்புகளை ஒவ்வொன்றாக அழுத்தி, கோச்சடைக்கே கொண்டுபோய் மாட்டி, பாதித் தண்ணீர் கலந்து ஊற்றினேன். அடியில் தினத்தாளை விரித்து ராத்திரி முழுக்க ஆறவிட்டேன். காலையில் தாளில் ஒரு பொட்டுக்கூட இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக ஒரு கசிவை நான் அடைத்ததில்லை. கதிரேசன் அந்த வண்டியில் அப்புறம் ஏறவே இல்லை. கொச்சிக்கே விற்றுவிட்டார்.

ராசேந்திரனின் வலது மணிக்கட்டு சேர்ந்தது, ஆனால் திரும்பவில்லை. ஆட்டோவுக்கு ஆக்சிலேட்டர் அந்தக் கையில்தானே? நான் அதைக் கால் மிதியாக மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அந்த ஆட்டோவுக்கு எது என்றாலும் என்னிடம்தான் வருவார். ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தாலும் வாசலில் நிறுத்துவார்.

"இந்தா நிக்கிறான் பாருங்க, இந்தத் தம்பி இல்லாட்டி அன்னிக்கு நான் காலி. என் தம்பி அடிக்கிறான், தெருவுல ஒரு பய கிட்ட வரல. ரெண்டாவது அடி விழுறதுக்குள்ள இவன் குறுக்க பாஞ்சுட்டான். தனக்கு விழும்னு தெரிஞ்சே வந்தான்யா!"

அடிபட்டுக் கிடந்தவருக்கு எண்ணிக்கை எப்படித் தெரியும்? யார் எப்போது வந்தார்கள் என்று எப்படித் தெரியும்? நான் தலையைக் குனிந்துகொண்டு ஸ்பேனரைத் துடைப்பேன். ஆட்டோவில் இருப்பவர்கள் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். ஒரு அம்மா என் கையைப் பிடித்து, "நல்லா இருப்படா ராசா" என்று சொல்லியிருக்கிறது. இல்லைங்கம்மா, ஐந்து அடி வரைக்கும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போகப் போக அவர் வாயிலிருந்து அதைக் கேட்க எனக்குப் பிடித்துப்போயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வீடுகளும் இன்றைக்கு இல்லை. கதிரேசன் தன் பங்கை விற்றுவிட்டு ஓசூர் பக்கம் போய்விட்டார். ராசேந்திரன் மாரடைப்பில் போனார். அந்த இடத்தில் அடுக்குமாடி எழுந்துவிட்டது. நடுச்சுவர் நின்ற இடம் எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஆட்டோவை வாங்கியவருக்கு என் கடை தெரியாது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் என்னோடு இருக்கிறான், தினமும் கடை திறக்கிறான். இரண்டாவது அடிக்குள் குறுக்கே பாய்ந்தானே ஒருவன், அவனைப் பார்த்த ஒரே ஆள் ராசேந்திரன்தான். அவரோடு அவனும் போய்விட்டான்.