எண்பத்து நான்கு தப்படி

ஜூன் 11, 2022 – 3,600
செப்டம்பர் 2, 2022 – 250
ஜனவரி 18, 2024 – 0
மே 9, 2024 – 75,000

முதல் தொகை, அருங்காட்சியகம் கழித்துக்கட்டிய இருநூற்று நாற்பது ஒலிக் கருவிகளை எடைக்கு வாங்க ஹெட்போன் அக்கா கொடுத்தது. இரண்டாவது, பழைய கடைவீதியின் முனையில் ஒரு மேசை போட்டுக்கொள்ள அவள் கட்டிய உரிமக் கட்டணம். மூன்றாவது, அவளுடைய சொல்லையும் நடையையும் எடுத்துக்கொண்டதற்கு டிஜிட்டல் புத்தாக்க மையம் அவளுக்குக் கொடுத்தது. நான்காவது, அதே சொல்லை அவளே பயன்படுத்தியதற்காக அந்த மையம் அவளுக்குப் போட்ட அபராதம். நான்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். அவளுக்கு எரிந்தது.

பத்தொன்பது ஆண்டுகள் அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில் அந்தக் கருவிகளைக் கொடுத்து வாங்கும் வேலை பார்த்தவள் அவள். கழுத்தில் மாட்டி, காதில் வைத்து, எண்ணை அழுத்தினால் எதிரில் இருக்கும் பொருளின் கதையைச் சொல்லும் கருவி. இனி எல்லாம் செல்போனிலேயே கேட்டுக்கொள்ளலாம் என்று ஆனதும், கருவிகளும் அவளும் ஒரே வாரத்தில் வெளியே வந்தார்கள். கருவிகளுக்காவது எடைக்கு விலை வைத்தார்கள்.

பதினான்கு பெட்டிகள் வீட்டுக்குள் இறங்கியபோது, தையல் மெஷினில் இருந்த நாத்தனார் காலை எடுக்காமலே கேட்டாள்.

"அண்ணி, நடுக்கூடத்துல குப்பைமேடு கட்டப் போறீங்களா? எங்க அண்ணன் இருந்திருந்தா இதெல்லாம் விட்டிருப்பாரா?"

"உங்க அண்ணன் இருந்திருந்தா எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு, திருப்பி மாட்டத் தெரியாம முழிச்சிருப்பாரு. நீ காதுக்கு உறை தைக்கிற வழியைப் பாரு."

நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே பழைய பனியன்களை வெட்டித் துவைக்கக்கூடிய காதுறைகள் தைத்தாள். செல்போன் பழுதுபார்ப்பவர் தூக்கிப்போடும் பேட்டரிகளில் உயிர் இருந்தவற்றை அக்கா பொறுக்கிக்கொண்டாள். மூன்று கருவியைக் கழற்றினால் ஒன்று பேசியது. ஆகஸ்ட் முடிவில் எண்பத்தாறு கருவிகள் பேசின. மிச்சத்தின் திருகாணி கூடக் குப்பைக்குப் போகவில்லை.

என்ன பேசின என்பதுதான் முக்கியம். பழைய கடைவீதியில் ஒன்பது இடங்களை அவள் தேர்ந்தெடுத்தாள். அச்சகம், தொலைபேசி இணைப்பகம், பனிக்கட்டிக் கிடங்கு என்று எல்லாம் வேலை நடந்த இடங்கள். அங்கே வேலை பார்த்தவர்களை வீடு வீடாகத் தேடிப்போய், இரண்டரை மாதம் கேட்டு எழுதி, தன் குரலிலேயே பதிவு செய்தாள். அச்சகத்தின் கதவைப் பற்றி அவள் இப்படிச் சொல்லியிருந்தாள்: "கதவு வலப்பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு, பாருங்க. காகிதக் கட்டை இடது தோள்ல வச்சுக்கிட்டு, வலது முழங்கையால தள்ளித் தள்ளி நாப்பது வருஷம் உள்ள போனவங்களோட வேலை அது."

ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு வழி சொல்வதற்கு அவளுக்கு ஒரே ஒரு முறைதான் தெரியும். நடந்து எண்ணுவது. ஏழு வயதில் மாடிப்படியில் விழுந்ததில் அவளுக்கு இடது கால் சற்றுக் கட்டை. அதனால் அவளுடைய ஒரு தப்படி நாற்பத்திரண்டு சென்டிமீட்டர், கூடவும் கூடாது, குறையவும் குறையாது. மேசையிலிருந்து அச்சகத்துக்கு எண்பத்து நான்கு தப்படி. மற்றவர்கள் அப்படி நடக்கமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா? ஒவ்வொரு கருவியிலும் நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் நாடா ஒன்றைக் கட்டிவிட்டாள். அருங்காட்சியகத்தின் பழைய விளம்பரத் துணியில் வெட்டியது. பதிவின் முதல் நிமிடத்திலேயே, "இந்த நாடா நீளம்தான் நம்ம நடை. அவசரக்காரங்க கோவிச்சுக்கக் கூடாது" என்று சொல்லிவிடுவாள். கருவியை வாடகைக்கு எடுக்கும் வெளியூர்க்காரர்கள் நாடாவைத் தரையில் வைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே குட்டி நடை போடுவார்கள். குட்டி நடை போட்டால் வீதியில் இருப்பதெல்லாம் கண்ணில் படும். வழியில் இருந்த டீக்கடைக்கும் பொம்மைக்கடைக்கும் அதனால் வியாபாரம் கூடியது.

ஜனவரி 18 அன்று காலை பத்து நாற்பதுக்குப் புத்தாக்க மையத்தின் திட்ட அலுவலர் வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் வாய் கொள்ளாத சிரிப்பு.

"மேடம், சூப்பர் மேடம்! பழசைத் தூக்கிப் போடாம திரும்பப் பயன்படுத்தறதை, சுழற்சிப் பொருளாதாரம்னு நாங்க வகுப்பு எடுக்கறோம். நீங்க செஞ்சே காட்டிட்டீங்க."

"வகுப்பு எடுக்கறதுக்குச் சம்பளம் உண்டா தம்பி?"

"உண்டு மேடம்."

"செஞ்சு காட்டறதுக்கு?"

அவன் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டான். ஆவணப்படுத்துவதற்கு என்று சொல்லி ஐம்பத்தேழாம் எண் கருவியை வாங்கிக்கொண்டான். எல்லோரையும் போல அவனும் அவளுடைய நோட்டில் கையெழுத்துப் போட்டான். மறுநாள் மாலை நாலேகாலுக்குத் திருப்பிக் கொடுத்தான். நாடா அவிழ்ந்திருந்தது. அவள் அதை மறுபடி கட்டிவிட்டு மறந்துபோனாள்.

ஏப்ரல் 2 அன்று புதிய செயலியின் தொடக்க விழா. மேடைத் திரையில் நான்கு வட்டங்கள்: பண்பாடு, சுற்றுலா, தொழில்முனைவு, சுழற்சிப் பொருளாதாரம். சிறுதொழில் செய்பவர்களுக்கு இந்தச் செயலி கை கொடுக்கும் என்றார்கள். அவளும் கை கிடைக்கும் என்று நம்பி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு செயலியைப் பேசவிட்டார்கள். இயந்திரத்தில் செய்த ஓர் ஆண் குரல் சொன்னது: "இக்கதவின் வலப்பக்கம் தேய்ந்திருப்பதைக் கவனியுங்கள். காகிதக் கட்டுகளை இடது தோளில் சுமந்தவர்கள் வலது முழங்கையால் தள்ளியதன் அடையாளம் இது."

கை தட்டினார்கள். கூட்டம் கலையுமுன் அவள் அலுவலரைப் பிடித்தாள்.

"தம்பி, இது நான் சொன்னது."

"பொதுத் தகவல் மேடம். கதவு எல்லாருக்கும் பொதுதானே?"

"கதவு பொது. முழங்கையைக் கண்டுபிடிச்சது யாரு?"

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

கதை அதோடு நின்றிருந்தால் திருட்டு என்ற ஒரே சொல்லில் முடித்துவிடலாம். மே 9 அன்று வந்த கடிதம் அதையும் தாண்டியது. மையம் தன் சொந்தக் கள ஆய்வில் திரட்டிப் பதிவு செய்த உள்ளடக்கத்தை அனுமதியின்றி அவள் ஒலிபரப்புகிறாளாம். அபராதம் 75,000. மேசை உரிமம் உடனடி நிறுத்தம். விசாரணை ஜூலை 16. அன்று தோற்றால் மேசையும் போகும், அந்த ஒன்பது கதைகளை இனி அவள் வாய் திறந்து சொல்லவும் கூடாது. பொருளைக் கொண்டுபோனவன் பறிகொடுத்தவள்மேல் புகார் கொடுத்திருக்கிறான், அதுவும் முத்திரை குத்தி.

நோட்டில் இருந்த கையெழுத்தை, மையத்துக்கு மேலான துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். "கருவியை வாங்கினதுக்குத்தான் கையெழுத்து. உள்ள இருந்ததை எடுத்தாங்கன்னு எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார்கள். எண்பத்தாறு கருவிகளும் பெட்டிக்குள் திரும்பின. நடுக்கூடம் மறுபடி குப்பைமேடு ஆயிற்று. இந்த முறை நாத்தனாரே வந்து பெட்டிகளை அடுக்கினாள். அது இன்னும் பொறுக்க முடியாததாக இருந்தது.

ஜூன் 6 அன்று பல் டாக்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். அவருடைய மருத்துவமனை அச்சகத்தைத் தாண்டி அதே வரிசையில் இருக்கிறது.

"அக்கா, உங்க ஆளுங்களைக் கொஞ்சம் கட்டிப்போடுங்க. காலையில இருந்து நாலு பேரு! ஒருத்தர் வாயைப் பிளந்துட்டுப் படுத்திருக்காரு, இவங்க பாட்டுக்கு உள்ள வந்து அச்சு மெஷின் எங்கன்னு கேக்கறாங்க. ஒரு அம்மா என் நாற்காலியைப் போட்டோ எடுத்துட்டுப் போகுது!"

"மேசையே ஒரு மாசமா மூடிக் கிடக்கு டாக்டர். அவங்க என் ஆளுங்க இல்ல."

"அப்ப யாரு? எல்லாரும் போனைக் காதுல வச்சுக்கிட்டு வாய்க்குள்ள எண்ணிட்டே வர்றாங்க. எண்பத்து ரெண்டு, எண்பத்து மூணுன்னு."

அக்கா அப்படியே பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன அண்ணி, பேயைக் கண்ட மாதிரி?" என்றாள் நாத்தனார்.

"என் காலைக் கண்டேன்டி."

மையத்தில் யாரும் நடக்கவே இல்லை. அவளுடைய எண்களை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டு, நாடாவைப் பற்றிய முதல் நிமிடத்தை வெற்று முன்னுரை என்று தூக்கியிருக்கிறார்கள். எண்பத்து நான்கு, நாடா நீளத்தில் நடந்தால் முப்பத்தைந்து மீட்டர், அச்சகம். ஊரார் நடையில் நடந்தால் ஐம்பத்தொன்பது மீட்டர், பல் டாக்டர்.

விசாரணை நாளில் அந்தத் துறையின் தலைமை அலுவலர், ஓய்வுபெற ஆறு மாதம் இருந்த ஓர் அம்மையார், தன் மேசைமேல் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். "அரை மணி நேரம்தான் இருக்கு. உங்ககிட்ட என்ன ஆதாரம் இருக்கு?"

"ஆதாரம் வீதியில இருக்கு மேடம். இவங்க கள ஆய்வு செஞ்சதா எழுதியிருக்காங்க. செஞ்ச மாதிரியே ஒரு தடவை நடந்து காட்டச் சொல்லுங்க. நான் கேக்கறது அவ்வளவுதான்."

எல்லோரும் கடைவீதிக்குப் போனார்கள். திட்ட அலுவலர் வேறு வழியில்லாமல் செயலியைத் திறந்து அக்காவின் மேசை இருந்த இடத்திலிருந்து எண்ணிக்கொண்டு நடந்தான். ஐம்பதாவது தப்படியில் அச்சகத்தின் கதவு அவன் தோளருகே போயிற்று. நிற்கலாம், நின்றால் செயலி பொய். எழுபது, எண்பது. எண்பத்து நான்கில் பல் டாக்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க தம்பி, எந்தப் பல்லு?"

கூட வந்த டவாலி சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு அக்கா நடந்தாள். நாடாவைத் தலைமை அலுவலர் கையில் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், வாய்விட்டு எண்ணிக்கொண்டு நடந்தாள். எண்பத்து நான்கு என்றபோது அவளுடைய வலது முழங்கை தேய்ந்த கதவில் இருந்தது. அம்மையார் குனிந்து அவளுடைய இரண்டு காலடிகளுக்கு இடையில் நாடாவை வைத்துப் பார்த்தார்.

"இன்னும் எட்டு இடம் இருக்கு, நடப்போமா மேடம்?"

"வேண்டாம்மா." அலுவலரிடம் திரும்பினார். "உங்க மையத்துல இந்த நடை நடக்கற ஆளு யாருப்பா?"

அவன் செயலியையே பார்த்துக்கொண்டிருந்தான், பதில் அதில் வரும் என்பது போல.

ஜூலை 29 அன்று மையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அபராதம் ரத்து, உரிமம் மீண்டும் வழங்கப்பட்டது. நாத்தனார் உரக்கப் படித்துக்கொண்டே வந்து இரண்டாவது பத்தியில் நின்றாள். "தப்படிகளை மீட்டருக்கு மாற்றித் தந்து கௌரவப் பங்களிப்பு செய்யுமாறு... கௌரவப் பங்களிப்புன்னா என்ன அண்ணி?"

"சும்மா செஞ்சு கொடுன்னு அர்த்தம்."

"வெக்கமே இல்லையா இவங்களுக்கு?"

அன்று அக்கா அடுப்பு மூட்டவில்லை. மூன்று வரியில் பதில் எழுதினாள். ஒன்பது கதைகளையும் முப்பது நாளில் செயலியிலிருந்து எடுத்துவிட வேண்டும். வேண்டுமென்றால், என் குரலில், என் பெயரோடு, முதல் நிமிடத்தோடு, உரிய வாடகை கொடுத்துப் போட வேண்டும். அப்படிப் போடுவதானால் மற்றவர்களைப் போல மேசைக்கு வந்து நோட்டில் கையெழுத்திட்டு வாங்கிப்போக வேண்டும். முப்பது நாள் என்பதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டாள்.

இருபத்திரண்டாம் நாள் பதில் வந்தது. குரலுக்கும் பெயருக்கும் முதல் நிமிடத்துக்கும் வாடகைக்கும் சம்மதம். திட்ட அலுவலர் நேரில் வந்து கையெழுத்திடுவார். செயலியைத் திறப்பவர்கள் நாடாவை அவளுடைய மேசையில் பெற்றுக்கொள்ளலாம் என்று அறிவிப்பும் சேர்க்கப்படும். அவள் இரண்டு முறை படித்தாள். கௌரவம் என்ற சொல் இந்த முறை இல்லை. மன்னிப்பு என்ற சொல்லும் இல்லை. அதைத்தான் அவள் முதலில் தேடினாள், அதற்காக இன்றுவரை அவளுக்குக் கோபம் ஆறவில்லை.

நோட்டைத் திறந்து புது வரி போட்டாள். கருவி எண் என்ற இடத்தில் "ஒன்பது கதை" என்று எழுதினாள். கையெழுத்துக்கு இடம் விட்டாள். கடிதத்தை அந்தப் பக்கத்திலேயே ஒட்டி, ஓரத்தில் அது வந்த நாளைக் குறித்தாள்.

ஆகஸ்ட் 20, 2024.