குளிரண்ணன் வெப்பமாக நடித்த கதை

ஏசி மெக்கானிக்குக்கு ஊர் வைத்த பெயர் குளிரண்ணன். ஆனால் அவரைப் பார்த்தால் குளிர் ஞாபகத்துக்கு வராது. சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும், கழுத்தில் துண்டு தொங்கும், காதில் பென்சில் செருகியிருக்கும். அடுத்தவர் படுக்கையறையைக் குளிர வைத்துவிட்டுத் தான் மொட்டை மாடியில் வேகிற பிழைப்பு. அதில் அவருக்கு வருத்தமே கிடையாது. வெயில் ஏற ஏற அவர் போன் அடிக்கும். போன் அடித்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும். அந்த உலையின் பலத்தில்தான் மகள் கல்லூரியில் சேர்ந்தாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் அவளுடையது. அதைச் சொல்லும்போது மட்டும் குளிரண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் பேசுவார்.

சிக்கல் பிரார்த்தனைக் கூடத்தில் இருந்தது. அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம். வாரக் கடைசியில் பாட்டு முடிந்ததும் வேண்டுதல் பெஞ்சு பெஞ்சாக நகரும். ஆளுக்கு ஒரு வாக்கியம், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாலைந்து வருடமாக எல்லார் வாயிலும் ஒரே விஷயம்தான், வெக்கை. ஒருவர் மழை கேட்பார், இன்னொருவர் காற்று கேட்பார், கிணறு வற்றிவிட்டதென்று ஒருவர் முறையிடுவார். வேண்டுதல் தன் பெஞ்சை நெருங்கும்போது குளிரண்ணன் கூடத்து ஏசியின் ஸ்டெபிலைசரைப் பார்க்க எழுந்து போய்விடுவார். அந்த ஸ்டெபிலைசர் மாதிரி கவனிப்பு கிடைத்த ஸ்டெபிலைசர் உலகத்திலேயே இருக்காது.

அவர் மனைவி தையல்காரி. ஊசிக் கண்ணில் நூல் கோக்கிற கண்ணுக்கு இது தப்புமா?

"ஏங்க, கடவுள் கிட்ட ஒரு வார்த்தை பேச உங்களுக்கு என்ன கேடு?"

"என்னத்தப் பேச? வெக்கையக் குறைங்கன்னு கேட்டா பொய். குறைக்காதீங்கன்னு கேட்டா நீ சும்மா விடுவியா?"

"ரெண்டும் வேணாம்னா, கூடத்துக்கு எதுக்கு வர்றீங்க?"

"ஸ்டெபிலைசர் பார்க்க ஆள் வேணாமா?"

அந்தக் கூடத்துக்கு ஏசி மாட்டியவரும் அவர்தான். மாட்டிய அன்று உள்ளே நின்று ரிமோட்டை அமுக்கிக் கைதட்டல் வாங்கினார். சூட்டை வெளியே தள்ளும் அவுட்டோர் யூனிட்டைப் பின்சந்துச் சுவரில் வைத்தார். இரண்டையும் இணைக்கும் செம்புக் குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு லாபம் என்பது தொழில் பாடம். இப்போது மேல்மாடிக் கூடத்துக்கும் ஏசி போடப் போவதாகப் பேச்சு. கமிட்டித் தலைவர் வாய் திறக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த வேலை கிடைத்தால் மகளின் அடுத்த வருடப் படிப்பைப் பற்றிக் கவலையில்லை.

இந்த நேரத்தில்தான் கூடத்துக்கு வரும் டிராயிங் டீச்சருக்கு நாடகம் போடும் யோசனை வந்தது. "வேண்டிக்கிட்டே இருந்தா எப்படி? நாம என்ன பண்றோம்னும் கொஞ்சம் பார்க்கலாமே. அழுதுக்கிட்டே பார்க்க வேணாம், சிரிச்சுக்கிட்டே பார்ப்போம்" என்றார். வெப்பத்தின் மேல் ஒரு வழக்கு. நீதிபதி, கமிட்டித் தலைவர். குற்றவாளிக் கூண்டில் வெப்பம். வெப்பமாக நடிக்க யார் என்று கேட்டதும் கூடம் முழுக்க ஒரே பக்கம் திரும்பியது.

குளிரண்ணன் மறுக்கவில்லை. தலைவரோடு சேர்ந்து ஒத்திகை பார்த்தால் மேல்மாடி வேலை கனிந்து கையில் விழும் என்று அவருக்கு ஒரு கணக்கு. மனைவி பழைய ஆரஞ்சுத் திரைச்சீலையில் அங்கி தைத்தாள். கனமாக இருக்கட்டும் என்று உள்ளே கம்பளித் துணியும் வைத்தாள்.

"எதுக்குடி கம்பளி?"

"வெப்பம்னா சும்மாவா? அனுபவிச்சு நடிங்க."

நாடகத்தன்று கூடம் நிரம்பி வழிந்தது. ஜன்னல்கள் அடைத்திருந்தன, ஏசி ஓடியது. வெப்பம் பின்கதவு வழியாக மேடையேற வேண்டும். அதுவரை பின்சந்தில் நிற்கச் சொல்லியிருந்தார் டீச்சர். கம்பளி அங்கியோடு சந்துக்குள் காலை வைத்த குளிரண்ணன் முகத்தில், சூளைக் கதவைத் திறந்தது போல் ஒன்று வந்து அறைந்தது. நிமிர்ந்து பார்த்தார். அவர் கையால் மாட்டிய அவுட்டோர் யூனிட். நேர் எதிரே, கையெட்டும் தூரத்தில், இஸ்திரி போடும் அக்காவின் மேசை.

அக்கா ஒரு சொம்புத் தண்ணீரைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டு இவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னண்ணே, திரைச்சீலையச் சுத்திக்கிட்டு?"

"நாடகம்க்கா. நான்தான் வெப்பம்."

"அதுல நடிக்க என்ன இருக்கு?"

"ஏன்க்கா, எப்பவுமே இப்படித்தானா இது?"

"நீ மாட்டின நாள்லேர்ந்து இப்படித்தான். கரியில்லாமலே இஸ்திரி போடலாம் போல. நீங்க உள்ள வெக்கை குறையணும்னு வேண்டுறீங்க இல்ல? குறைஞ்சதெல்லாம் எனக்குத்தான் வந்து சேருது." பெட்டியைத் துணி மேல் தேய்த்தபடியே சொன்னாள்: "வெக்கை கூடப் பரவால்லண்ணே. முன்னாடி ஜன்னல் திறந்திருக்கும், உங்க பாட்டு கேட்கும், நானும் கூடவே பாடுவேன். இப்ப எல்லாத்தையும் அடைச்சிட்டீங்க. இந்த ஏசிப் பெட்டி உறுமுறதுதான் எனக்குப் பாட்டு."

ஏசி மாட்டிய நாளிலிருந்து ஒரு தடவை கூட இந்தச் சந்துக்கு வந்து நின்றதில்லை என்பது அப்போதுதான் குளிரண்ணனுக்கு உறைத்தது. அதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்துவிட்டது: "வெப்பம் ஆஜர்!"

மேடையில் தலைவர் கறுப்புப் போர்வையைப் போர்த்திக்கொண்டு நீதிபதியாக உட்கார்ந்திருந்தார். "நீ எங்கிருந்து வருகிறாய்?" என்று முழங்கினார். "நான் சூரியன் வீட்டுப் பிள்ளை" என்பது டீச்சர் எழுதிய வசனம். இரண்டு வாரம் மனப்பாடம் செய்தது. எதிரே முதல் வரிசையில் மனைவி. பக்கத்தில் லீவுக்கு வந்த மகள். மேல்மாடி வேலை நீதிபதியின் நாக்கு நுனியில் இருக்கிறது. அங்கிக்குள் வேர்வை ஆறாக ஓடியது.

"பின்சந்துலேர்ந்து வர்றேன், ஐயா" என்றார் குளிரண்ணன்.

தலைவர் விழித்தார். டீச்சர் திரைக்குப் பின்னாலிருந்து "சூரியன், சூரியன்" என்று கிசுகிசுத்தார்.

"சூரியன் மேல பழி போடாதீங்க டீச்சர். அது அன்னிக்குப் போலத்தான் காயுது. நான் இந்தக் கூடத்துப் பிள்ளை. நீங்க உள்ள குளுகுளுன்னு உட்கார்றதுக்காக என்னை வீட்டை விட்டுத் துரத்தினீங்க. போக வேற இடமில்லாம அக்கா மேசையில போய் உட்கார்ந்தேன்." சொல்லிக்கொண்டே பின்கதவை அகலத் திறந்தார். அனல் உள்ளே வந்தது. முன்வரிசை "அய்யய்யோ" என்று முகத்தை மூடியது. வாசலில் இஸ்திரிக்கார அக்கா ஈரத் தலையோடு எட்டிப் பார்க்க, அவளும் நாடகத்தில் ஒரு பாத்திரம் என்று நினைத்துக் கூடம் கைதட்டியது.

தலைவருக்கும் இப்போது நடிப்பு ஏறிவிட்டது. மேசையைத் தட்டினார். "உன்னை அங்கே அனுப்பிய குற்றவாளி யார்? பெயரைச் சொல்!"

"ஒரு ஏசி மெக்கானிக், ஐயா. குழாய் மிச்சம் பிடிச்சான்."

விழுந்து விழுந்து சிரித்தார்கள். மகள்தான் எல்லாரையும் விட உரக்கச் சிரித்தாள். தலைவர் மட்டும் திறந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாடகமா நிஜமா என்று யாருக்கும் புரியாத குரலில் தீர்ப்புச் சொன்னார்: "மாட்டினவரே அந்த யூனிட்டைக் கழட்டி மொட்டை மாடிக்குக் கொண்டுபோகணும். மேல்மாடிக்கு ஏசி வேண்டாம், கூரைக்கு வெள்ளையடிப்போம். ஏசி உச்சி வெயில்ல, முடியாதவங்களுக்கு மட்டும். மத்த நேரம் ஜன்னலத் திறங்க."

மேல்மாடி வேலை போனது போனதுதான். வீட்டுக்குப் போகும் வழியில் தெருமுனை வந்ததும் மனைவி, "கம்பளி வச்சது தப்பாப் போச்சு. சூட்டுல புத்தி கலங்கிடுச்சு உங்களுக்கு" என்றாள். ஆனால் அன்று சோற்றை அள்ளி வைக்கும்போது ஒரு கரண்டி கூடவே விழுந்தது.

அந்த வாரம் அவர் யூனிட்டை மொட்டை மாடிக்கு ஏற்றினார், மீதி நாளெல்லாம் கூரையில் வெள்ளையடித்தார். கூலி பாதி, வேர்வை இரட்டிப்பு.

வாரக் கடைசியில் ஜன்னல்கள் திறந்திருந்தன. பாட்டு முடிந்து வேண்டுதல் பெஞ்சு பெஞ்சாக வந்தது. பழக்க தோஷத்தில் குளிரண்ணன் பாதி எழுந்தார். மனைவி சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். உட்கார்ந்தார். கண்ணை மூடினார்.

"கடவுளே, வெக்கையக் குறைச்சிருங்க." கொஞ்சம் நிறுத்தினார். பொய் சொல்லக் கூடாத இடம். "ஆனா ஒரேயடியா வேணாம். கொஞ்சம் கொஞ்சமாக் குறைங்க. பொண்ணு காலேஜ் முடிச்சிரட்டும்."

கூடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு குலுங்கியது. திறந்த ஜன்னலுக்கு வெளியே இஸ்திரிப் பெட்டி டொக்கென்று நின்றது.

"அப்படியே ஆகட்டும்" என்றது அக்காவின் குரல். "ஆனா அவளச் சீக்கிரம் படிச்சு முடிக்கச் சொல்லுண்ணே!"